14 வருட வாடகைக்குப் பிறகு வீடு: குரோம்பேட்டையில் பழைய பிளாட் வாங்கலாமா?

குரோம்பேட்டை_குடித்தனம்

எல்லோருக்கும் வணக்கம். 2011-இல் சென்னைக்கு வந்தோம். பல்லாவரம், குரோம்பேட்டை சுற்றியே வீடு மாற்றிக்கொண்டிருக்கிறோம். இப்போது வாடகை 21,000. ஹவுஸ் ஓனர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், தைக்குள் காலி செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மறுபடி கேஸ் கனெக்‌ஷன், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் முகவரி மாற்ற வேண்டும், மகளின் பள்ளி வேன் வரும் தெருவாகவும் பார்க்க வேண்டும். இந்த முறை என் மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "அடுத்த வீடு நம்முடையதாக இருக்கட்டும்."

பார்த்து வைத்திருப்பது ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு ரீசேல் பிளாட். இரண்டாவது மாடி, இரண்டு பெட்ரூம், 985 சதுர அடி, யூடிஎஸ் (நிலத்தில் இந்த வீட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு) 440 சதுர அடி, 2012-இல் கட்டியது. விலை 68 லட்சம் சொல்கிறார்கள். இன்னொன்று கூடுவாஞ்சேரி பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் புது பிளாட், 52 லட்சம், 2 வருடத்தில் சாவி தருவதாகப் பேச்சு. மாமனார் இரண்டும் வேண்டாம், ஊரில் மனை வாங்கிப் போடுங்கள் என்கிறார்.

இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வரும் சம்பளம் 1.25 லட்சம். சேமிப்பு, எஃப்டி, பிஎஃப்-இல் எடுக்க முடிவது எல்லாம் சேர்த்து 27 லட்சம் வரும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். எதில் விசாரிப்பது, எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது?

கணக்கு_நோட்டு

முதலில் பணக் கணக்கைப் பேசிவிடுவோம்.

68 லட்சம் வீட்டுக்கு வருட வாடகை 2,52,000 என்றால் விலையில் 3.7 சதவீதம். நீங்கள் கடனுக்குக் கட்டப்போவது சுமார் 8 சதவீதம். 50 லட்சம் கடன், 20 வருடம், 8 சதவீதம் என்று போட்டால் மாதத் தவணை 41,822. அதில் முதல் மாதம் வட்டிக்கே 33,333 போய்விடும், அசலில் கழிவது 8,489. 20 வருடமும் அப்படியே கட்டினால் வட்டி மட்டும் 50 லட்சத்தைத் தாண்டும்.

இதோடு மெயின்டனன்ஸ், சொத்து வரி. ஆக இன்றைய வாடகையைவிட மாதம் 23,000-க்கு மேல் கூடுதலாகக் கட்டப்போகிறீர்கள். அந்த வித்தியாசத்தையும் கையில் இருக்கும் 27 லட்சத்தையும் தவறாமல் முதலீட்டில் போட்டு வைத்தால், வாடகை வீட்டில் இருந்தபடியே நல்ல தொகை சேரும். குறைந்தது பத்து வருடமாவது அந்த வீட்டில் இருப்பேன் என்ற உறுதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். மூன்று வருடத்தில் வேலை பெங்களூருக்கு மாறலாம் என்றால் வாங்காதீர்கள். பதிவுச் செலவை ஈடுகட்டவே வருடங்கள் பிடிக்கும்.

வருமான வரிச் சலுகையை நம்பியும் வாங்க வேண்டாம். வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு என்பது நாம் குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய வரி முறையில்தான் உண்டு. புதிய முறைக்குப் போயிருந்தால் அது கிடையாது.

பெருங்களத்தூர்_தோழி

கணக்கு_நோட்டு சார் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கில் வாடகை வீடு எப்போது கேட்டாலும் கிடைக்கும் என்று ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. எனக்குக் கிடைக்கவில்லை.

தனியாக இருக்கும் பெண் நான். போர்டு பார்த்துப் போன் செய்தால் முதல் கேள்வி "ஃபேமிலியா?" அடுத்தது சாப்பாடு, அடுத்தது சாதி. கடைசியாக இருந்த வீட்டில், என் தம்பி வந்து இரண்டு நாள் தங்கியதற்கு மாடியிலிருந்து இறங்கி வந்து யார் என்று விசாரித்தார்கள். காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார்கள், நான் போன அதே வாரம் பெயின்ட் அடிக்காமலே அடுத்தவரைக் குடிவைத்தார்கள். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்கிறது. என்னிடம் பத்து மாதம் கேட்டவர்கள் அதற்குப் பிறகும் உண்டு.

2021-இல் ஒற்றை பெட்ரூம் பிளாட் வாங்கினேன். தவணை கட்டும் தேதி வந்தால் இன்றும் வயிற்றைப் பிசையும். ஆனாலும் என் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று கேட்க ஆள் இல்லை என்பதற்கு எந்த எக்செல் ஷீட்டிலும் கட்டம் கிடையாது. நீங்கள் மகளை வளர்க்கிறீர்கள். பள்ளி மாறாமல் இருப்பதற்கும் ஒரு மதிப்புப் போட்டுப் பாருங்கள்.

பத்திர_எழுத்தர்

சார்பதிவாளர் அலுவலக வாசலில் பல வருடம் பத்திரம் எழுதியவன் நான். விலை பேசுவதெல்லாம் அப்புறம். முதலில் காகிதத்தைக் கேளுங்கள். டோக்கன் அட்வான்ஸ்கூட அதற்குப் பிறகுதான்.

விற்பவரின் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் அதில் இருக்கும்), பட்டா, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதியும் வரைபடமும், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது. அடுக்குமாடி என்பதால் அந்த நிலம் பில்டர் கைக்கு எப்படி வந்தது என்று தனியாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நில உரிமையாளர் பவர் (தன் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) கொடுத்து, பில்டர் பவர் ஏஜென்ட்டாக யூடிஎஸ் எழுதிக் கொடுத்திருப்பார். எழுதிக் கொடுத்த அன்று பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா, பவர் ரத்தாகாமல் இருந்ததா? இதை வக்கீல் பார்த்துச் சொல்ல வேண்டும். வெறும் பவரையும் அக்ரிமென்ட்டையும் வைத்துக்கொண்டு சொத்து கைமாறியதாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். சர்வே எண்ணைப் போட்டு ஒரு தடவை, பத்திர எண்ணைப் போட்டு ஒரு தடவை பாருங்கள். ஒன்றில் விட்டுப்போனது இன்னொன்றில் வரும்.

பேங்க் வக்கீல் பார்த்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அவர் பேங்க் பணத்துக்குக் காவல். உங்கள் பணத்துக்குத் தனியாக ஒரு வக்கீல் வையுங்கள். 68 லட்சத்தில் அந்தச் செலவு ஒரு பொருட்டே இல்லை.

பதிவுச் செலவையும் சொல்லிவிடுகிறேன். ரீசேல் என்பதால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 68 லட்சத்துக்கு 6,12,000. புதுக் கட்டடத்தில் முதல் விற்பனை என்றால் 2023 டிசம்பரிலிருந்து சலுகை உண்டு. 50 லட்சம் வரை தீர்வை 4, அதற்கு மேல் 3 கோடி வரை 5, பதிவுக் கட்டணம் அதே 2. கூடுவாஞ்சேரி வீட்டுக்கு அந்தக் கணக்கு.

ஓஎம்ஆர்_வாசி

கூடுவாஞ்சேரி பிளாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பில்டரிடம் 2017-இல் புக் செய்தேன். 2 வருடம் என்றார்கள். நான்கு வருடம் ஆனது. அத்தனை நாளும் ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் பேங்க் கொடுத்தவரைக்கும் வட்டி. சம்பளம் வந்த அன்றே இரண்டுக்கும் போய்விடும். அந்த நாட்களில் வீட்டில் நடந்த சண்டைகளை இங்கே எழுத முடியாது. கடைசியில் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) மனு போட்டேன். தாமதத்துக்கு வட்டி தரச் சொல்லி உத்தரவு வந்தது. உத்தரவு வாங்குவது ஒரு வேலை, பணத்தைக் கையில் வாங்குவது வேறு வேலை.

கட்டும் வீடுதான் வேண்டும் என்றால் ரெரா எண்ணைக் கேட்டு வாங்கி, தளத்தில் போட்டு, முடிக்க வேண்டிய தேதி என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சேல்ஸ் ஆள் வாயால் சொல்லும் தேதியும் அதுவும் ஒன்றாக இருக்காது. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஜிஎஸ்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 52 லட்சம் வீட்டுக்கு 5 சதவீதம், 2,60,000. விலை 45 லட்சத்துக்குள், கார்பெட் ஏரியா (சுவர்களுக்குள் புழங்கும் பரப்பு) 60 சதுர மீட்டருக்குள் இருந்தால்தான் 1 சதவீதம். கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

தைக்குள் காலி செய்ய வேண்டியவருக்கு அது சரிப்பட்டு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சைட்_என்ஜினியர்

காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், கட்டடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் செத்துப்போனார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதை மட்டும் சலிக்காமல் சொல்கிறேன்: சுவர் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள்.

13 வருடக் கட்டடம் என்றால் முதலில் கீழே பார்க்கிங்கில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஸ்லாப்பின் அடியில் கம்பி ஓடும் திசையில் நேர்கோடாகப் பழுப்பு நிறக் கறை இருக்கிறதா? கான்கிரீட் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து கம்பி தெரிகிறதா? ஒரு இடத்தில் இருந்தால் பேட்ச் போடலாம். தூண் அடியிலும் பீமிலும் இருந்தால் கிளம்பிவிடுங்கள். பாத்ரூமுக்குள் டைல்ஸ் பளபளவென்று இருக்கும், அதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. அதே சுவரின் மறுபக்கம், பெட்ரூமில் பீரோ வைத்திருக்கும் இடத்தில், கீழிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குள் கையை வைத்து அழுத்துங்கள். உப்புப் பூத்து மாவாக உதிர்ந்தால் ஈரம் ஊறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விற்பவரிடம் சொல்லி பீரோவை நகர்த்தச் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் மாடி வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், நீங்கள் வாங்கப்போகும் பாத்ரூமின் அடிப்பக்கம் அவர் வீட்டுச் சீலிங்தான்.

மொட்டை மாடிக்குப் போய் டேங்க்கைப் பாருங்கள். குழாயைத் திறந்து, நுனியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அசோசியேஷனில் ஏப்ரல், மே மாத வரவு செலவு நோட்டைக் கேளுங்கள். தண்ணீர் லாரிக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று அதில் இருக்கும்.

கடைசியாக வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள். தெருமுனை மளிகைக் கடையிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேளுங்கள். குரோம்பேட்டையில் ஒரு தெரு காய்ந்திருக்கும், அடுத்த தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

நெல்லைச்_சீமை

ஊரில் மனை வாங்குவது நல்ல யோசனைதான், ஆனால் அது உங்கள் குடியிருப்புப் பிரச்சினையைத் தீர்க்காது. வாங்கினாலும் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற லேஅவுட்டாகப் பாருங்கள். அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது என் சித்தப்பா உட்பட எங்கள் பக்கம் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டார்கள். பிறகு வரன்முறைத் திட்டம் வந்து கட்டணம் கட்டிச் சரிசெய்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சென்னையில் அந்த விலைக்கு ஒன்றும் கிடைக்காது, ஊர் மனைக்கு உதவும்.

குரோம்பேட்டை_குடித்தனம்

எல்லோருக்கும் நன்றி. சைட்_என்ஜினியர் சார் சொன்னபடி பீரோவை நகர்த்திப் பார்த்தோம், சுவர் காய்ந்திருந்தது. பார்க்கிங் ஸ்லாப்பில் ஒரு மூலையில் மட்டும் கறை, மழைநீர்க் குழாய் ஒழுகியதால் வந்ததாம், அசோசியேஷன் ஏற்கனவே பூசியிருக்கிறது. மளிகைக் கடைக்காரர் 2015-இல் தெருவில் கணுக்கால் அளவு வந்தது, படியேறவில்லை என்றார்.

காகிதத்தில்தான் இரண்டு முடிச்சு. ஒன்று: வில்லங்கத்தில் 2012-இல் ஒரு பேங்க்குக்கு எழுதிக் கொடுத்த அடமானம் அப்படியே நிற்கிறது. கடனை 2018-லேயே அடைத்துவிட்டோம், பத்திரம் எங்கள் கையில் இருக்கிறது என்று நோ டியூ கடிதத்தைக் காட்டுகிறார்கள். இரண்டு: வீட்டை வாங்கியவர் 2019-இல் காலமாகிவிட்டார். விற்பது அவர் மனைவி. மகன் இங்கே இருக்கிறார், மகள் கனடாவில். அக்காவுக்கு இதில் ஒன்றும் வேண்டாம், அவள் கையெழுத்து தேவைப்படாது என்கிறார் மகன்.

இது போதாதென்று புரோக்கர், பத்திரத்தில் 45 லட்சம் போட்டுக்கொள்ளலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள், பதிவுச் செலவு மிச்சம் என்கிறார்.

பத்திர_எழுத்தர்

தம்பி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடமானம். கடனை அடைத்ததும் பேங்க் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்தது என்ற ரசீது ஆவணம் பதியவில்லை. நிறையப் பேர் இப்படி விட்டுவிடுகிறார்கள். பேங்க் அதிகாரி வந்து ரசீது எழுதிப் பதிந்தால்தான் வில்லங்கத்தில் அந்த அடமானம் தீர்ந்ததாக ஏறும். இதை விற்பவர் தன் செலவில் முடித்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கிரய ஒப்பந்தம் போடுங்கள்.

மகள் கையெழுத்து. அது இல்லாமல் ஒரு அடிகூட நகராதீர்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இது 1956 முதலே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு என்பதற்குத் தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் வந்தது, நாடு முழுவதற்கும் 2005-இல். இவ்வளவு ஆன பிறகும் "கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு எதற்கு" என்று வாயால் கழித்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே வேண்டாம் என்றால் அதை அவரே பத்திரத்தில் எழுதிக் கொடுக்கட்டும். அவர் சார்பாக இன்னொருவர் சொல்ல முடியாது.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள். அவர் இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அந்த அம்மாவும் முதல் நிலை வாரிசு. அவர் பிறகு காலமாகியிருந்தால் அவர் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும், அதாவது உங்களுக்குத் தெரியாத பெரியப்பா, அத்தை எல்லோரும் வந்து நிற்பார்கள். வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பெயர் பெயராகப் பாருங்கள்.

கனடாவில் இருப்பவர் வர முடியாவிட்டால், அங்கே இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தி முறைப்படுத்த வேண்டும். அதை வைத்துத் தன் பங்கை அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு வேலை சுலபம். குடும்பத்துக்குள் என்பதால் தீர்வைக்கு உச்சவரம்பு இருக்கிறது.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகப் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கும் ஆபத்து. உங்களுக்குப் பேங்க் கடனும் பத்திர மதிப்பை வைத்துத்தான் கிடைக்கும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 45 லட்சம் என்று காட்டி, இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவீர்கள்.

கோவை_மருமகள்

ஒரு விஷயம் யாரும் கேட்கவில்லை. பத்திரம் யார் பெயரில்? இரண்டு பேர் சம்பளத்தில் தவணை போகிறது என்றால் இரண்டு பேர் பெயரும் பத்திரத்தில் இருக்கட்டும். கடன் விண்ணப்பத்தில் மட்டும் மனைவியைச் சேர்த்துவிட்டுப் பத்திரத்தில் விட்டுவிடுகிற பழக்கம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் நாத்தனார் எட்டு வருடம் தவணை கட்டிய வீட்டில் அவருக்குக் காகிதத்தில் ஒரு செங்கல்கூட இல்லை. பிறகு சேர்ப்பதற்குத் தனிப் பத்திரம், தனிச் செலவு.

அப்புறம் கடன் கொடுக்கும்போது பேங்க்கில் ஒரு இன்சூரன்ஸை நீட்டுவார்கள், ஒற்றைப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள், அதற்கும் 20 வருடம் வட்டி கட்டுவோம். அதை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இருவருக்கும் தனித்தனியாக டேர்ம் பாலிசி எடுங்கள், கடன் தொகைக்கு மேலேயே வரட்டும்.

நகையை விற்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். விற்றால் உங்கள் மனைவி விருப்பத்தோடு விற்கட்டும், பத்திரத்தில் அவர் பெயர் இருக்கட்டும்.

மாதத்தவணை_21

வட்டி விகிதம் பற்றி என் அனுபவம். 2021-இல் 6.9 சதவீதத்துக்குக் கடன் வாங்கினேன். 2022 மே மாதத்திலிருந்து ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளிடம் வாங்கும் வட்டி விகிதம்) ஏற ஆரம்பித்தது, 2023 பிப்ரவரிக்குள் 4-லிருந்து 6.5-க்கு வந்துவிட்டது. என் தவணை ஒரு ரூபாய்கூட மாறவில்லை, அதனால் நான் கவனிக்கவும் இல்லை. ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் தவணைக் காலம் வருடக்கணக்கில் நீண்டிருந்தது. பேங்க்கில் போய் எழுதிக் கொடுத்துத் தவணையை உயர்த்தி, காலத்தைக் குறைத்தேன். வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று நம்மிடம் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. கேட்காவிட்டால் நாமே போய்க் கேட்க வேண்டும்.

2025-இல் ரெப்போ இறங்கியிருக்கிறது. இறங்கும்போது தவணையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், காலம் குறையட்டும். ஃப்ளோட்டிங் (அவ்வப்போது மாறும்) வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபருக்கு அபராதம் கிடையாது. போனஸ் வரும்போது வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் 20 வருடக் கடனில் மூன்று வருடத்துக்கு மேல் குறைந்துவிடும்.

கணக்கு_நோட்டு

எல்லாவற்றையும் படித்தேன். பெருங்களத்தூர்_தோழி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், வீடு கிடைக்காத நிலைமைக்கு என்னிடம் எண் இல்லை. ஆனாலும் ஒன்றில் நான் இறங்கி வர மாட்டேன். 68 லட்சத்தில் 50 லட்சம் கடன் போக 18 லட்சம், பதிவு 6.12, புரோக்கர், வக்கீல், கடன் பதிவு, பெயின்ட், கிரில், வீட்டுச் சாமான் நகர்த்துவது என்று இன்னும் இரண்டு லட்சம். ஆக 26 லட்சம். உங்கள் 27-இல் மிஞ்சுவது ஒரு லட்சம். முதல் தவணைக்கு முன்பே உங்களில் ஒருவருக்கு வேலை போனாலோ ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ பர்சனல் லோன்தான் கதி. வீடு வாங்கிய அடுத்த நாள் ஆறு மாதத் தவணையாவது, அதாவது இரண்டரை லட்சம், தொடாமல் இருக்க வேண்டும். விலையைக் குறையுங்கள், முடியாவிட்டால் வேறு வீடு பாருங்கள். கடனைக் கூட்டி இந்த ஓட்டையை அடைக்காதீர்கள், தவணை ஏற்கனவே சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டது.

காகிதத்தில் வேலை பாக்கியிருக்கிறது, அதை முடிக்கும் வரை காத்திருக்கிறீர்கள், இதைச் சொல்லியே விலை பேசலாம்.

குரோம்பேட்டை_குடித்தனம்

சற்றுத் தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். நிறைய நடந்துவிட்டது.

அந்த அம்மாவிடம் புரோக்கர் இல்லாமல் நேரில் பேசினோம். மகளையும் வீடியோ காலில் அழைத்தார். மகனின் பேச்சுக்கு நேர்மாறாக, அவர் தெளிவாகக் கேட்டார்: "அம்மா இந்தப் பணத்தில்தான் இனி இருக்கப்போகிறார், பணம் அவர் கணக்குக்கே போகுமா?" போகும் என்றதும், அம்மாவுக்கே என் பங்கை எழுதிக் கொடுக்கிறேன் என்றார். தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பிவிட்டார், விடுதலைப் பத்திரமும் பதிவாகிவிட்டது. இறந்தவருடைய தாயார் 2014-லேயே காலமாகிவிட்டார், இறப்புச் சான்று பார்த்தோம். கடன் கொடுத்த பேங்க் இப்போது வேறொரு பேங்க்கோடு இணைந்துவிட்டதால் ரசீது ஆவணத்துக்கு அலைச்சல் இருந்தது, ஆனால் முடிந்தது. புது வில்லங்கத்தில் ஏறியிருக்கிறது.

விலை 65-க்கு முடிந்தது. முழுத் தொகையும் பத்திரத்தில், முழுத் தொகையும் பேங்க் வழியாக. பதிவு 5,85,000. எங்கள் கையில் நான்கு லட்சம் மிஞ்சும். பத்திரம் இருவர் பெயரில். மாமனாருக்கு இன்னும் மனத்தாங்கல்தான், கிரகப்பிரவேசத்துக்குள் சரியாகிவிடுவார். தை பிறந்ததும் பதிவு.

ஒரே ஒரு சந்தேகம். 1 சதவீத டிடிஎஸ் (விற்பவர் பணத்தில் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) நான் பிடிக்க வேண்டும் என்கிறார் ஆடிட்டர். விற்பவர்கள் அம்மாவும் மகனும், வாங்குவது நாங்கள் இருவர். ஒரே படிவம் போதுமா?

கணக்கு_நோட்டு

போதாது. 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்து என்பதால் 65 லட்சத்துக்கு 65,000 பிடிக்க வேண்டும். விற்பவர் பணத்திலிருந்துதான் பிடிக்கிறீர்கள், உங்கள் கையிலிருந்து கூடுதலாக இல்லை. ஆனால் 2025-26 நிதியாண்டு விதிப்படி, இந்த டிடிஎஸ் கட்டும் 26க்யூபி படிவம் ஒவ்வொரு வாங்குபவர், ஒவ்வொரு விற்பவர் ஜோடிக்கும் தனித்தனி. உங்களுக்கு நான்கு படிவம். மகள் பங்கை விட்டுக் கொடுத்தது உங்களுக்கு இதிலும் நல்லது. வெளிநாட்டில் வசிப்பவர் விற்பவராக நின்றிருந்தால் அவர் பங்குக்கு 1 சதவீதம் செல்லாது, வேறு பிரிவில் இன்னும் அதிகம் பிடித்திருக்க வேண்டும்.

இருவருடைய பான் எண்ணையும் இப்போதே வாங்கிச் சரிபாருங்கள். பிடித்த மாதம் முடிந்து 30 நாளைக்குள் கட்ட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய்க் கட்டணம் ஏறும்.

பத்திர_எழுத்தர்

பதிவன்று அசல் ஆதார், பான், இரண்டு சாட்சிகள், அவர்களுடைய ஆதாரும் வேண்டும். டோக்கன் நேரத்துக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். முதல் நாள் இரவு வரைவை நீங்களும் மனைவியும் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள்: பெயர் எழுத்து, சர்வே எண், யூடிஎஸ் அளவு, நான்கு எல்லை, கார் பார்க்கிங். பதிந்த பிறகு ஒரு எழுத்தைத் திருத்தவும் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், அதற்கு அந்த அம்மாவும் மகனும் மறுபடி வர வேண்டும். பதிவு முடிந்த வாரமே சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு மூன்றுக்கும் பெயர் மாற்ற எழுதிக் கொடுங்கள். பட்டாவில் உங்கள் யூடிஎஸ் பங்குக்குப் பெயர் சேர்க்கவும் அப்போதே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.